பதினஞ்சு, அஞ்சாகக் கேட்டது: ஒரு கிளை மருத்துவமனையின் ரேடியோ இணைப்பைப் பங்கிட்ட அனுபவம்

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனை இருக்கிறது. குளச்சலுக்கு அருகே, கடற்கரைக் கிராமங்களை ஒட்டி அதற்கு ஒரு கிளை. கிளையில் புறநோயாளிப் பிரிவு, டயாலிசிஸ் அறை, எக்ஸ்-ரே, மருந்தகம் எல்லாம் உண்டு. சிறப்பு மருத்துவர்கள் மட்டும் தலைமை மருத்துவமனையில்தான் இருப்பார்கள். கிளையில் இருக்கும் சிஸ்டருக்கு ஒரு சந்தேகம் என்றால் உள் தொலைபேசியை எடுத்து அங்கே கேட்பார்.

இரண்டு கட்டிடங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 8 கிலோமீட்டர். நடுவில் முழுக்க வீடுகள், தென்னந்தோப்புகள், வாழை விளைகள். இரண்டு மொட்டை மாடிகளிலும் கம்பம் நட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்து இணைத்திருந்தோம். நேரத்தை இரண்டு திசைக்கும் சரிபாதியாகப் பிரித்ததில், நல்ல நாளில் ஒரு திசைக்கு நொடிக்கு 40 மெகாபிட் கிடைத்தது. கிளையின் இணையமும் இதே வழியாகத்தான் தலைமைக்குப் போய் வெளியேறும்.

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். இந்த இணைப்பை அமைத்ததும் நான்தான். அதனால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. மருத்துவமனை நிர்வாகத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. அப்போது அந்த வழியில் போனது தொலைபேசியும் பில்லிங் மென்பொருளும் மட்டும்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வீடியோ வழி ஆலோசனைக்கு இரண்டு அறைகள் வந்தன. பழைய பிலிம் எக்ஸ்-ரே போய் டிஜிட்டல் வந்தது. எட்டு கண்காணிப்பு கேமராக்கள் வந்தன, அவற்றின் பதிவுப் பெட்டி தலைமையில் இருந்தது. கடைசியாக நோயாளிகளுக்கு வைஃபை. ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் "40 மெகாபிட் இருக்கிறதே, தாங்கும்" என்று சொன்னவன் நான்.

முதல் புகார்

புகார் மூத்த சிஸ்டரிடமிருந்து வந்தது. "தம்பி, பத்து மணிக்கு மேல டாக்டர் பேசறது முறிஞ்சு முறிஞ்சு வருது. பாதி வார்த்தை எங்கயோ போயிருது." நான் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி. பேசிப் பார்த்தேன், தெளிவாகக் கேட்டது. போன் பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து நடந்ததுதான் எல்லோரையும் உலுக்கியது. காலை பதினொரு மணி இருக்கும். சர்க்கரை அதிகமாக இருந்த ஒரு நோயாளிக்கு இன்சுலின் அளவு கேட்டு அதே சிஸ்டர் தலைமைக்குப் போன் செய்திருக்கிறார். மருத்துவர் சொன்னது "பதினஞ்சு யூனிட்". சிஸ்டருக்குக் கேட்டது "அஞ்சு யூனிட்". முன்னால் இருந்த "பதின்" வழியிலேயே போய்விட்டது. இவ்வளவு சர்க்கரைக்கு ஐந்து போதாதே என்று அவருக்கே தோன்றியதால், தன் கைபேசியிலிருந்து மறுபடி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சரியான அளவு போடப்பட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று ஒன்றும் ஆகாததற்கு அந்த சிஸ்டரின் அனுபவம்தான் காரணம். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

தவறான இடத்தில் செலவு

நிர்வாகம் உடனே பணம் ஒதுக்கியது. "வேகத்தைக் கூட்டுங்க" என்றார்கள். தலைமையில் இருந்த 50 மெகாபிட் ஃபைபர் இணையத்தை 100 ஆக மாற்றினோம். துளிகூட மாற்றம் இல்லை.

இருந்திருக்கவும் முடியாது. கிளைக்கும் தலைமைக்கும் இடையிலான பேச்சு இணையத்தைத் தொடுவதே இல்லை, அது ரேடியோவோடு முடிந்துவிடுகிறது. குறுகலான இடம் ஒன்று, நாங்கள் அகலப்படுத்திய இடம் வேறொன்று. இதை முதல் நாளே காகிதத்தில் வரைந்து பார்த்திருக்க வேண்டும்.

அளந்தபோது தெரிந்தது

அப்புறம்தான் உட்கார்ந்து அளந்தேன். ரேடியோவின் பயன்பாட்டு வரைபடத்தில் காலை நேரத்தில்கூட பாதி காலியாகத் தெரிந்தது. அதனால்தான் அதுவரை ரேடியோவின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்த வரைபடம் ஐந்து நிமிடச் சராசரி.

கணக்கு இப்படி. ஒரு டிஜிட்டல் எக்ஸ்-ரே படம் சுமார் 15 மெகாபைட். ஒருவருக்கு மூன்று கோணம் என்றால் 45 மெகாபைட், அதாவது (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்) 360 மெகாபிட். கேமராக்கள் ஒவ்வொன்றும் 2 மெகாபிட் வீதம் எப்போதும் 16-ஐ எடுத்துக்கொண்டிருக்கும். மீதி 24. அந்த மீதி முழுவதையும் எக்ஸ்-ரே 15 நொடிக்குப் பிடித்துக்கொள்ளும். அதே 360 மெகாபிட்டை ஐந்து நிமிடத்துக்குப் பரப்பினால் நொடிக்கு வெறும் 1.2 மெகாபிட். வரைபடத்தில் அது ஒரு சின்ன மேடாகக்கூடத் தெரியாது. ஆனால் அந்த 15 நொடிக்குள் பேசிக்கொண்டிருப்பவருக்கு வழி அடைத்துக்கொண்டது என்பதுதான் உண்மை.

நொடிக்கு ஐந்து முறை பிங் (எதிர்முனைக்குப் போய்த் திரும்பும் சின்னச் சோதனைச் செய்தி) அனுப்பி ஒரு காலை முழுக்கப் பதிவு செய்தேன். சும்மா இருக்கும்போது போய்வர 4 மில்லிநொடி. எக்ஸ்-ரே போகும்போது 700, 800 மில்லிநொடி. வழியில் போகும் எதுவும் பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகும். ரேடியோவுக்குள் சுமார் 4 மெகாபைட் அளவுக்குப் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்க இடம் இருந்தது. 40 மெகாபிட் வேகத்தில் அந்த வரிசை கரைய 0.8 நொடி ஆகும். கணக்கும் அளவும் பொருந்தின. பாக்கெட் தொலையக் கூடாது என்று நினைத்துத் தயாரிப்பாளர்கள் பெரிய வரிசை வைக்கிறார்கள். கோப்புகளுக்கு அது நல்லது, குரலுக்குக் கேடு. இந்தச் சிக்கலுக்கு 'பஃபர்ப்ளோட்' என்று ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் பெயர் வைத்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. படித்திருக்கிறேன். என் மாடியிலேயே அது உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

குரல் 20 மில்லிநொடித் துண்டுகளாகப் போகிறது, நொடிக்கு 50 பாக்கெட். கேட்கும் பக்கத்துப் போன், கொஞ்சம் தாமதமாக வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும். அதற்கும் மேல் தாமதமானால் தூக்கிப் போட்டுவிடும். பத்துப் பாக்கெட் பிந்தினால் 200 மில்லிநொடிப் பேச்சு காணாமல் போகும். "பதின்" என்று சொல்ல ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. நானே சொல்லி, பதிவு செய்து அளந்து பார்த்தேன்.

யாருக்கு எவ்வளவு

எல்லாத் துறையினரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தோம். எதிர்பார்த்தபடியே ஒவ்வொருவரும் தங்கள் வேலைதான் அவசரம் என்றார்கள். எக்ஸ்-ரே பிரிவு சொன்னதும் நியாயம், பாதுகாப்புப் பிரிவு சொன்னதும் நியாயம். எது முக்கியம் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கூட்டம் முடிந்திருக்காது.

கணக்குப் பிரிவில் இருக்கும் பெரியவர்தான் வழியைத் திறந்தார். அவருடைய குடும்பத்துக்கு அனந்தனார் கால்வாயின் கடைமடையில் வயல். "தம்பி, தலைமடைக்காரன் ஷட்டரை இறக்காம விட்டா எங்க வயலுக்கு ஈரங்கூட வராது. அதுக்காக அவனுக்குத் தண்ணியே இல்லன்னும் சொல்ல முடியாது. நாத்துக்கு இன்னைக்கே வேணும், முத்தின பயிருக்கு ரெண்டு நாள் பொறுக்கலாம். அதைப் பாத்துத்தான் முறை வைப்பாங்க" என்றார்.

அதன்பிறகு கேள்வியை மாற்றினேன். உங்கள் வேலை எவ்வளவு நேரம் பொறுக்கும்? இதற்கு எல்லோருமே நேர்மையாகப் பதில் சொன்னார்கள். எக்ஸ்-ரே பார்க்கும் மருத்துவர் ஒரு நிமிடம் பொறுப்பேன், பத்து நிமிடம் முடியாது என்றார். பில்லிங் பெண், இரண்டு நொடிக்கு மேல் திரை நின்றால் வரிசையில் சத்தம் வரும் என்றார். பேசும் குரல் எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு சர்வதேசப் பரிந்துரையே இருக்கிறது: ஒரு திசைக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது.

எது எவ்வளவு தின்கிறது என்று அப்போதுதான் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஒரு தொலைபேசி அழைப்புக்கு, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டும் முகவரித் தலைப்புகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு திசைக்கு நொடிக்கு 87 கிலோபிட்தான். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தொடாது. பொறுக்கவே பொறுக்காத ஒன்று, கேட்பதும் மிகக் குறைவு. அதை முதலில் விடுவதால் மற்றவர்களுக்குக் குறைவது ஒன்றுமில்லை. நாள் முழுவதும் அதிகம் தின்றது கேமராக்கள், அந்தக் கூட்டத்தில் அதுவரை யாரும் அவற்றை ஒரு 'பயன்பாடு' என்றே எண்ணியிருக்கவில்லை.

டயாலிசிஸ் அறை வைஃபையைப் பற்றி ஒரு நோயாளியின் மகன் என்னிடம் நேராகவே கேட்டார், "ஒருத்தருக்கு வேகம், ஒருத்தருக்கு மெதுவுன்னு பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?" நல்ல கேள்வி. இணையச் சேவை தரும் நிறுவனங்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற நெறியை மத்திய அரசு 2018-ல் ஏற்றுக்கொண்டது. ஒரு மருத்துவமனை தன் சொந்த உள்கம்பிக்குள் வைக்கும் ஒழுங்கு அதில் வராது. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நியாயம் முடிந்துவிடுவதில்லை. ஒரு டயாலிசிஸ் சுமார் நான்கு மணி நேரம். அவ்வளவு நேரம் படுத்திருப்பவருக்கு அந்தக் கைபேசிதான் துணை. ஆகவே வைஃபைக்குக் கடைசி இடம், ஆனால் ஒருபோதும் பூஜ்ஜியம் கிடையாது என்று முடிவு செய்தோம்.

அமைத்த விதம்

முன்னுரிமை வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. வரிசை ரேடியோவுக்குள் நின்றால் அதை நம்மால் ஒழுங்குபடுத்த முடியாது, எது குரல் எது படம் என்று அந்த ரேடியோவுக்குத் தெரியாது. எனவே ரேடியோவுக்கு முன்னால் உள்ள ரூட்டரில் வேகத்தை 36 மெகாபிட்டாக இறுக்கினோம். 4 மெகாபிட்டை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, வரிசையை நம் கைக்குள் கொண்டுவந்தோம்.

கிளையிலிருந்து தலைமைக்கு வரும் திசையில் பிரித்தது இது. குரலுக்கு எப்போதும் முதல் இடம், ஆனால் 2 மெகாபிட் உச்சவரம்போடு. உச்சவரம்பு இல்லாத முதல் இடம் மற்ற எல்லோரையும் பட்டினி போட்டுவிடும். மற்றவற்றுக்கு உறுதியான குறைந்தபட்சப் பங்கு: வீடியோ ஆலோசனைக்கு 6, நோயாளி விவரம் மற்றும் பில்லிங்குக்கு 4, எக்ஸ்-ரேவுக்கு 8, கேமராக்களுக்கு 12, வைஃபைக்கு 4. ஒருவர் பயன்படுத்தாத பங்கு வீணாகாது, தேவைப்படுபவருக்கு அந்த நொடியே போகும். கேமராக்களின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து ஒன்றுக்கு 1.5 ஆக்கினோம். எதிர்த் திசையில் கேமராவும் எக்ஸ்-ரேவும் இல்லாததால் அங்கே வைஃபைக்குத் தாராளமாகக் கொடுக்க முடிந்தது.

வைஃபை பங்குக்குள்ளும் ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும், அதாவது ஒருவரிடமிருந்து தொடர்ந்து வரும் பாக்கெட்டுகளுக்கு, தனி வரிசை வைத்து, முறை வைத்து ஒவ்வொரு பாக்கெட்டாக எடுக்கும் யோசனையை ஜான் நேகிள் என்ற நெட்வொர்க் வல்லுநர் 1985-லேயே எழுதிவிட்டார். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்த்துக் கைவிடும் முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்த ஏற்பாடு இன்று சாதாரண ரூட்டரிலேயே இருக்கிறது. அதையே போட்டோம்.

பலன் அன்று காலையே தெரிந்தது. எக்ஸ்-ரே போகும்போதும் குரலுக்கான தாமதம் 20 மில்லிநொடியைத் தாண்டவில்லை. சிஸ்டர் போன் செய்து, "இப்போ பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு" என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனி மாதக் காற்று

இங்கே பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும், குரல் மறுபடி முறிந்தது. ரூட்டர் அமைப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதலில் மழையைத்தான் சந்தேகப்பட்டேன். 5 கிகாஹெர்ட்ஸில் 8 கிலோமீட்டருக்கு மழையால் வரும் இழப்பு மிகக் குறைவு. மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்த ஒரு நாளிலும் இதே நிலை இருந்தது.

மாடியில் ஏறி நின்று பார்த்தேன். கம்பம் நட்டபோது நடுவழியில் சின்னதாக இருந்த தென்னைகள் வளர்ந்திருந்தன. எதிர்முனை கண்ணுக்குத் தெரிகிறதே என்று எண்ணலாம். ரேடியோ அலை மெல்லிய கோடாகப் போவதில்லை. இந்தத் தூரத்தில் நடுவழியில் அதைச் சுற்றிச் சுமார் 10 மீட்டர் ஆரத்துக்கு வெளி வேண்டும், அதில் ஆறு மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். காற்றில் ஓலைகள் அந்த வெளிக்குள் வந்து வந்து போயின. அலை நலிந்ததும் ரேடியோ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 40 இருந்த இடத்தில் 15, சில நேரம் 12.

நான் ரூட்டரில் 36 என்று எழுதி வைத்திருந்தேன். ரேடியோவால் தள்ள முடிந்தது 15. ஆகவே வரிசை மறுபடியும் ரேடியோவுக்குள்ளேயே போய் நின்றது. நான் வகுத்த முறை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அதே 4 மெகாபைட் வரிசை 15 மெகாபிட்டில் கரைய 2 நொடிக்கு மேல் ஆகும். அதாவது, காற்று நாட்களில் முன்பைவிட மோசம். எங்கள் கால்வாய்களுக்குத் தண்ணீர் பிரியும் புத்தன் அணையில் எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துவிட்டாலும், கீழே கால்வாய் இடிந்து கிடந்தால் பிரித்ததற்கு என்ன பொருள்?

அன்றே செய்தது: ரூட்டரின் வேகத்தை 12-க்கு இறக்கினோம். குரல் சரியானது. ஆனால் கேமராவுக்கு மட்டுமே 12 வேண்டும். அப்போதுதான் வெகுநாள் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: இந்தக் கேமராப் படங்கள் எதற்கு 8 கிலோமீட்டர் பறந்து போக வேண்டும்? பதிவுப் பெட்டியைக் கிளையிலேயே வைத்தோம். தலைமையில் இருந்து பார்க்க வேண்டிய கேமரா மட்டும் பார்க்கும் நேரத்தில் வரும். இந்த ஒரு மாற்றம், மற்ற எல்லாப் பங்கீட்டையும்விட அதிகம் உதவியது என்பது என் கருத்து. 12 மெகாபிட் நாளிலும் மூன்று எக்ஸ்-ரே படங்கள் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தன, மருத்துவர் பொறுக்கிறேன் என்று சொன்ன அளவுக்குள்.

தோப்புக்காரரிடம் ஓலையை வெட்டக் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. காய்க்கிற மரம், அவருக்கு வருமானம். ஓகி புயலில் 2017-ல் எத்தனையோ தென்னைகளை இழந்த ஊரில் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 20 அடி ஜி.ஐ. பைப்பைச் சேர்த்துக் கம்பத்தை உயர்த்தி, இழுகம்பி கட்டி, எர்த்தையும் புதிதாகப் போட்டோம்.

கடைசியாக ஒரு சின்ன நிரல். பத்து நொடிக்கு ஒருமுறை ரேடியோவிடம் அதன் அப்போதைய வேகத்தைக் கேட்டு, ரூட்டரின் அளவை அதற்கேற்ப மாற்றும். காற்று ஓலையை நொடிக்கு நொடி ஆட்டும் என்பதால், அந்த நொடியின் வேகத்தை நம்பாமல் கடந்த ஐந்து நிமிடத்தின் மிகக் குறைந்த வேகத்தை எடுத்து, அதிலும் 85 சதவீதத்தை வைக்கிறோம். கொஞ்சம் வேகம் வீணாகத்தான் போகிறது. தெரிந்தே விடுகிறோம்.

46 என்ற எண்

இரண்டு மாதம் கழித்து, காற்றே இல்லாத ஒரு நாளில் குரல் முறிந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அதன் வகையைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆறு பிட், 0 முதல் 63 வரை. குரலுக்கு வழக்கமான எண் 46. தொலைபேசிகள் தாங்களே 46 போட்டு அனுப்பும், ரூட்டர் அதைப் பார்த்து முதல் வரிசைக்கு விடும். புதிதாக நிறுவிய வீடியோ மென்பொருளும் தன் படங்களுக்கு 46 போட்டு அனுப்பியிருக்கிறது. 2 மெகாபிட் உச்சவரம்புக்குள் படமும் குரலும் முட்டிக்கொண்டு, குரல் பாக்கெட்டுகள் வெட்டுப்பட்டன.

யார் வேண்டுமானாலும் தன் நெற்றியில் 'அவசரம்' என்று எழுதிக்கொள்ளலாம் என்ற ஓட்டையை நான்தான் விட்டு வைத்திருந்தேன். இப்போது தொலைபேசிகள் இணைந்த தனிப் பிரிவிலிருந்து வரும் 46-ஐ மட்டும் நம்புகிறோம். வேறெங்கிருந்து வந்தாலும் எண்ணை அழித்து, நாங்களே புதிதாகப் போடுகிறோம்.

பின்னர்

அடுத்த ஆண்டு ஆனி, ஆடிக் காற்று முழுவதையும் பதிவு செய்தோம். ரேடியோவின் வேகம் 24-க்குக் கீழே போகவில்லை, குரலின் தாமதம் 30 மில்லிநொடிக்குள் நின்றது. மேலும் பெரிய இணைப்பு வாங்கும் திட்டத்தை நிர்வாகம் தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் டயாலிசிஸ் அறைக்கு இன்னொரு இயந்திரம் வாங்கியது.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் புகார் வந்த அன்றே, சிஸ்டர் சொன்ன பத்து மணிக்குப் போய் நின்றிருப்பேன். மதியம் இரண்டு மணிக்குப் போய் "சரியாத்தானே இருக்கு" என்று திரும்பியதை இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். பங்கிடுவதற்கு முன் எதெல்லாம் அந்த வழியில் போகவே தேவையில்லை என்று பார்ப்பேன். காற்றில் போகும் இணைப்பு என்றால், அதன் மோசமான நாளை அளந்து அதற்கேற்பப் பங்கு வைப்பேன், மரங்கள் வளரும் என்பதையும் சேர்த்து.

தொலைபேசியில் மருந்தளவு சொல்லும் முறையை அந்த மூத்த சிஸ்டர் தானாகவே மாற்றிவிட்டார். எண்ணை இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் ஊசியை எடுக்கலாம். கிளையில் சேரும் புதியவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுக்கிறார். இணைப்பு சரியாகிவிட்டதே, இனியும் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் போன் வந்தது. எடுத்தார், கேட்டார், திருப்பிச் சொன்னார்: "ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டு யூனிட். சரியா டாக்டர்?"